ஊர் பதறிய நாளைக் குறும்படமாக எடுக்க: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

முதல் குறும்படத்துக்குக் கதை தேடும் பிள்ளைகளிடம் பேசினால், எங்கள் பக்கத்தில் ஒரே ஆசைதான் திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணன், அந்த நேரம் சனம் பதறினதை எடுக்கணும். ஆளை ஆள் எப்படிப் பார்த்தாங்க எண்டதை எடுக்கணும்." அந்த நேரம் எது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அது வீட்டார் சொல்லிச் சொல்லி வளர்த்த சுனாமி. இன்னொருவருக்கு மர்ம மனிதன் காலம். இன்னொருவருக்கு 2019 ஏப்ரல். எல்லாருக்கும் பொதுவாகக் கொரோனா.

நல்ல ஆசை. ஆனால் கவனமில்லாமல் இறங்கினால், எந்தப் பயத்தைப் பற்றி எடுக்கிறோமோ அதையே மறுபடி ஊருக்குள் அவிழ்த்து விட்டுவிடுவோம். அதனால்தான் இதற்கென்று தனியாக எழுதுகிறேன். கையில் ஒரு போன், கூட நாலைந்து பேர், பன்னிரண்டு நிமிடப் படம். அதை மனதில் வைத்தே எல்லாம் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு நாள், ஒரு வதந்தி, ஒரு ஒழுங்கை

புதியவர்கள் செய்கிற முதல் பிழை, எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடைப்பது. எங்கள் கரையில் பதற்றத்துக்குப் பஞ்சம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் ஆட்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்ட மர்ம மனிதன், அதாவது கிறீஸ் பூதம், வருகிறது என்று ஊர் ஊராக இரவில் பொல்லோடு காவல் இருந்தார்கள். 2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சுமத்திரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கி, சுனாமி எச்சரிக்கை வந்து, கரையோரச் சனம் கைப்பிள்ளையோடு கரையை விட்டு உள்பக்கம் ஓடியது. அன்று பெரிய அலை வரவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கிளம்பிய கதையில் சிங்களக் கும்பல் ஒன்று முஸ்லிம் சாப்பாட்டுக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாவுக்கட்டி. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதன் பிறகு பெயரைக் கேட்டே ஆளை எடைபோட்ட மாதங்கள் வந்தன.

இதில் எதை எடுப்பது? முதல் படத்துக்கு ஆகப் பெரிய காயத்தைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் நம் சந்தையில் சாமான் வாங்குகிறார்கள். அந்தக் கதைக்கு நம் கை இன்னும் பழக வேண்டும். கொத்து ரொட்டிக் கதையும் அப்படித்தான், கூட ஒரு சிங்கள நண்பர் உட்கார்ந்து எழுதாமல் அதைத் தொடக் கூடாது.

நான் புதியவர்களுக்கு எப்போதும் சொல்வது மீன் கதை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி வந்தது. உடனே நாடு முழுக்க மீனே விற்கவில்லை. முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி அடுத்த மாதம் ஊடகக்காரர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்குப் போனது. கொழும்புப் பக்கத்தில் வந்த தொற்று, வாழைச்சேனையிலும் கல்முனையிலும் தோணி தள்ளுகிறவரின் அடுப்பை அணைத்தது. சின்னக் கதைதான். ஒரு ஒழுங்கைக்குள் எடுத்து முடிக்கலாம். ஊரின் முழுப் பதற்றமும் அதற்குள் இருக்கிறது.

கேட்கப் போகும் முறை

எழுத உட்கார முன் குறைந்தது ஏழெட்டுப் பேரிடம் போய்க் கேளுங்கள். பாதிப் பேர் நம்மவர், பாதிப் பேர் அடுத்த ஊரார். ஆரையம்பதியில் இருந்தால் காத்தான்குடிக்குப் போங்கள், பாண்டிருப்பில் இருந்தால் மருதமுனைக்கு. நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் பல பிள்ளைகள் அந்தத் தூரத்தை முதல் தடவையாகக் கடப்பது படத்துக்காகத்தான் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

"பயந்தீங்களா?" என்று கேட்டால் "ஓம், சரியான பயம்" என்பதோடு கதை முடிந்துவிடும். "அண்டைக்கு என்ன கறி வைச்சீங்க?" என்று கேளுங்கள். சமைத்தது, அடுப்பில் இருந்தது, யார் கடப்படியில் வந்து நின்றது, யார் என்ன சொன்னது என்று தானாக வரும். போனில் பதிவு செய்கிறீர்கள் என்றால் முதலே சொல்லுங்கள். பெயரை எழுத வேண்டாம், "மீன்காரர், ஐம்பது வயது" என்றால் போதும். பேசும்போது ஒருவர் உடைந்து போனால் பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மறுநாளும் தூக்கமில்லை என்று சொன்னால், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணைச் சொல்லிக் கொடுங்கள்.

வதந்தியைக் கொப்பியில் எழுதுங்கள்

ஆக முக்கியமான படி இதுதான். கேட்டுவந்த எல்லாவற்றிலும் இருந்து அந்த வதந்தி எந்த வாயில் எப்படி இருந்தது என்று கொப்பியில் கீழ்க்கீழாக எழுதுங்கள். மீன் கதையில் அது ஏறக்குறைய இப்படி இறங்கி வரும்:

"பேலியகொடைச் சந்தையில ஆக்களுக்குக் கொரோனாவாம்."
"சந்தையில தொட்ட மீனாம்."
"மீனுக்குள்ள இருக்காம்."
"அந்த மீனைத்தான் இங்கயும் கொண்டு வாறாங்களாம்."
"நம்மட மீன்காரர் அந்தப் பக்கத்து ஆள்தானே?"
"அவங்கள் சொல்ல மாட்டாங்கள். மறைச்சுப் போடுவாங்கள்."

ஒவ்வொரு வரியையும் உரத்து வாசியுங்கள். முதல் வரி செய்தி, உண்மையும் கூட. நாலாவது வரி வரை இது நோயைப் பற்றிய பயம். ஐந்தாவது வரியில் மீன் போய் மனுசன் வருகிறார். ஆறாவதில் அந்த மனுசனும் போய் "அவங்கள்" வந்துவிட்டது. மீன்காரர் அடுத்த ஊர் முஸ்லிம் என்பது அந்தத் தமிழ் ஒழுங்கைக்கு இருபது வருசமாகத் தெரிந்ததுதான், அதுவரை ஒரு கதையாக இருக்கவில்லை. பயம் வந்த அன்று அது மேலே எழும்பியது. உங்கள் படம் நிற்க வேண்டிய இடம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள அந்த இடுக்கு. இதைக் கண்டுபிடிக்காமல் கமராவை எடுக்காதீர்கள்.

ஆறாவது வரிக்குக் கொரோனாக் காலத்தில் ஒரு பின்னணியும் இருந்தது. 2020 ஏப்ரலில் இருந்து கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. அடக்கம் செய்யவே முடியாது என்ற பயத்தில் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. 2021 பெப்ரவரி கடைசியில் விதி மாறி, மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் அடக்கம் நடந்தது. இதைப் படத்துக்குள் வசனமாகத் திணிக்க வேண்டாம். ஆனால் மீன்காரராக நடிக்கிறவருக்கும், எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் ஏன் வாய் திறக்கமாட்டார் என்பது அப்போதுதான் புரியும்.

யாருடைய கதை?

புதியவர்கள் மீன்காரரைக் கதாநாயகனாக்கி, ஊரை வில்லனாக்குவார்கள். பார்ப்பவர் மீன்காரருக்காக இரக்கப்பட்டு, "நான் அப்படிப்பட்ட ஆளில்லை" என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போவார். படம் எடுத்ததில் பயனே இல்லை.

நான் சொல்வேன், வதந்தியைக் கைமாற்றுகிற ஆளின் கதையை எழுதுங்கள். அவர் நல்லவராக இருக்க வேண்டும், பார்ப்பவருக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும். ஒழுங்கையின் நடுவீட்டு அக்கா. மகனுக்கு இழுப்பு, அதனால் பயம் நியாயமானது. மீன்காரர் அவவுக்குக் கடன் கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சியை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

காலை. மோட்டார் சைக்கிள் ஹோர்ன், இரண்டு தரம். அக்கா படலைக்குள் நிற்கிறா, கை கொளுக்கியில்.
"இண்டைக்கு வேணாம் காக்கா."
"ஏன் தங்கச்சி, சூடை இருக்கு. விடியத்தான் கரைக்கு வந்த."
"மரக்கறி வைச்சிட்டன்."
அவர் ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டுகிறார். அவ பார்க்கவில்லை.
"கொப்பியில எழுதுறன், காசு பிறகு தாங்க."
"இல்ல காக்கா. நாளைக்குப் பார்ப்பம்."
அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. புகையே இல்லை.

இதில் யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் கத்தவில்லை. காக்கா (முஸ்லிம் வழக்கில் அண்ணன்), தங்கச்சி என்ற உறவுமுறைகூட மாறவில்லை. ஆனால் படலை திறக்கவில்லை. அம்பது பேர் கல்லோடு ஓடி வரும் காட்சியைவிட இது பார்ப்பவரை உறுத்தும், ஏனென்றால் அந்தக் கொளுக்கியில் தன் கையும் இருந்தது அவருக்கு நினைவு வரும்.

ஒரு பக்க எழுத்து ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

பேச்சுமொழியில் ஒரு கவனம். காத்தான்குடிப் பேச்சும் ஆரையம்பதிப் பேச்சும் ஒன்றல்ல, நம்மவர் காதுக்கு அது உடனே பிடிபடும். வாப்பா, உம்மா என்று நாலு சொல்லைத் தூவி முஸ்லிம் பாத்திரம் எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் வசனத்தைத் திருப்பி எழுத வேண்டும். தொப்பியையும் தாடியையும் அடையாளத்துக்காகப் போடுவதையும் விடுங்கள். முடிந்த எழுத்தைக் கடைசியில் கொண்டுபோய்க் காட்டி "சரிதானே?" என்று கேட்பது போதாது, தொடக்கத்தில் இருந்தே அவர் குழுவில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படியே: மருதமுனைப் பிள்ளைகள் எடுத்தால் பாண்டிருப்பில் இருந்து ஒருவர்.

இன்னொன்று, இது எனக்குப் பிடித்த யோசனை. நம் கூத்தில் அண்ணாவியார் பாட, பிற்பாட்டுக்காரர் அதே அடியை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். வதந்தியையும் அப்படிக் கேட்கவைக்கலாம். ஒருவர் சொன்ன வரியைத் திரைக்கு வெளியே நாலு குரல் திருப்பிச் சொல்லட்டும், ஒவ்வொரு தரமும் ஒரு சொல் மட்டும் மாறட்டும். கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு அந்த மாற்றம் சுருக்கென்று தைக்கும்.

படப்பிடிப்புக்கு முன்: அனுமதியும் ஆபத்தும்

கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பொலிஸ் நிலையத்தில் கடிதம் கொடுங்கள். கடற்கரை என்றால் மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் பக்கம் என்றால் அதன் நிர்வாக சபை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். முதல் படத்துக்கு அது தேவையே இல்லை. பொலிஸ், இராணுவச் சீருடை போட்டு நடிக்க வேண்டாம், சட்டச் சிக்கல் வரும். ஒரு சமூகத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். உங்கள் நோக்கம் நேர்மாறானது என்றாலும், தனியாக வெட்டி எடுத்த ஒரு வசனம் அதைச் சொல்லாது. எழுத்துப்பிரதியின் ஒரு பிரதியைத் திகதி போட்டு வைத்திருங்கள்.

இப்போது சொல்வதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் நாங்கள் ஒரு ஓட்டக் காட்சி எடுத்தோம். கதை 2012 எச்சரிக்கை நாள். அனுமதி எல்லாம் எடுத்திருந்தோம், முன்வரிசை வீடுகளுக்குச் சொல்லியும் இருந்தோம். தம்பி ஒருவன் நன்றாக நடிக்க வேண்டும் என்ற உற்சாகத்தில், அடிவயிற்றில் இருந்து "கடல் வருது!" என்று கத்தினான். இரண்டாவது வரிசை வீட்டில் இருந்து ஒரு அம்மம்மா வந்தா. ஒரு இடுப்பில் பேரன், மறுகையில் ஒரு பொலித்தீன் பை. கதவுக்குப் பின்னால் ஆணியில் எந்த நேரமும் தொங்கும் பை அது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் அதற்குள். செருப்பில்லாமல் எங்களைத் தாண்டி வீதிவரை ஓடிவிட்டா. நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்து, "இல்ல அம்மம்மா, படம், படம்" என்று சொல்ல, அவவுக்குச் சொல் காதில் ஏற வெகுநேரம் எடுத்தது. அன்று மிச்சப் படப்பிடிப்பை நிறுத்தினோம். அந்தக் காட்சியைப் படத்தில் வைக்கவும் இல்லை.

அதனால் விதி இது: எங்கள் கரையில் "கடல் வருது", "குண்டு", "வெட்ட வாறாங்கள்" போன்ற சொற்களை வெளியிடத்தில் ஒருபோதும் உரக்கச் சொல்லக் கூடாது. நடிப்பவர் "மாடு போகுது" என்று கத்தட்டும், முகம் அதே முகம்தான். ஆளை முதுகுப்பக்கமாக எடுத்து, சரியான சொல்லை அறைக்குள் பதிந்து பிறகு சேருங்கள். அம்புலன்ஸ் சத்தமும் அப்படியே, தொகுக்கும்போது போடலாம்.

அடுத்த ஆபத்து போன். படப்பிடிப்பைச் சுற்றி நிற்கும் பிள்ளை பத்து விநாடி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், முழு உடைக் கவசத்தோடு ஒருவரை வீட்டில் இருந்து இழுத்துப் போகும் காட்சி கல்முனையில் "இப்ப நடந்தது" என்று அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேரும். வதந்தியைப் பற்றிய படம் வதந்தியைப் பெற்றுவிடும். ஒருவர் வேலையே சுற்றி நிற்பவர்களோடு பேசுவதாக இருக்கட்டும், "படப்பிடிப்பு" என்ற பெரிய அட்டை சட்டகத்துக்கு வெளியே எப்போதும் தெரியட்டும். படத்தில் காட்டும் போலிச் செய்தியையும் முழுதாக வாசிக்கும்படி காட்டாதீர்கள். திரையில் அதைப் பிடித்து அனுப்ப முடியாத மாதிரி விரல் மறைக்கட்டும், அரை வரி தெரிந்தால் போதும்.

எடுக்கும் நாள்

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். போனில் பிளாக்மேஜிக் கமரா போல ஒரு இலவசச் செயலியைப் போட்டு, விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் அப்போதுதான் மினுங்காது. வெளிச்சமும் குவியமும் காட்சி நடுவில் மாறாமல் பூட்டி வையுங்கள்.

நம் கரையில் சூரியன் கடலில் எழும்பி வாவிப்பக்கம் விழும். மீன்காரர் வரும் காலைக் காட்சிக்குக் கடல்பக்கம் பார்த்த படலை ஒன்றைத் தேடினால், ஏழு மணிக்குள் முகத்தில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே எடுத்த ஒலி ஒன்றுக்கும் உதவாது. சட்டைக்குள் குத்தும் சின்ன மைக், அதன் மேல் பஞ்சு. மாரி மழையை நம்பித் திகதி வைக்காதீர்கள். பாங்கு நேரமும் கோயில் ஒலிபெருக்கி நேரமும் முதல்நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் நிறுத்தி, தேநீர் குடித்து, பிறகு எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் முப்பது விநாடி வெறும் சத்தம் பதியுங்கள், தொகுக்கும்போது அருமை தெரியும்.

கூட்டத்துக்கு ஆள் இல்லையே என்று கவலை வேண்டாம். ஆறு பேர் போதும். ஒரு படலை மூடும், அடுத்த வீட்டில் யன்னல் மூடும், மூன்றாவது வீட்டில் கயிற்றில் காயும் சாரத்துக்குப் பின்னால் இரண்டு கால் நின்று பார்க்கும். ஒழுங்கை முழுக்க எதிரே நிற்பது போல இருக்கும்.

தொகுப்பு

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். இசையை முதல் தொகுப்பில் போடவே வேண்டாம். சோகமான வயலினைப் போட்டதும் பார்ப்பவர் எங்கே அழ வேண்டும் என்று தெரிந்துகொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார். படலை மூடிய பிறகு வெட்டாதீர்கள். அக்கா நிற்கட்டும். ஹோர்ன் சத்தம் அடுத்த வீட்டில் இரண்டு தரம், அதற்கடுத்த வீட்டில் இரண்டு தரம், பிறகு எங்கும் நிற்காமல் பிரதான வீதிவரை போகட்டும். எண்ணிப் பார்த்தால் இருபது விநாடி வரும், நீளம் என்று நண்பர்கள் சொல்வார்கள். விடுங்கள்.

காட்டுவது

முதல் காட்சி, கதை சொன்ன அந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும், ஒரு வீட்டு மண்டபத்தில். அவர்களில் ஒருவர் "இது நான்தான் எண்டு ஆக்கள் கண்டுபிடிப்பாங்க" என்று சொன்னால் அந்த இடத்தை மாற்றியே ஆக வேண்டும், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். பிறகுதான் வெளியே. பொதுமக்களுக்குக் காட்டுவதற்குத் தேவையான சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். சிங்கள உபதலைப்பு போடுங்கள், அம்பாறை நகரத்தவரும் பார்க்கட்டும். ஒரு ஊரில் காட்டினால் மற்ற ஊரிலும் அதே வாரத்தில் காட்டுங்கள். தனித்தனியாகக் காட்டாமல், கல்லடியில் உள்ள விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமோ ஒலுவில் பல்கலைக்கழகமோ, இரண்டு பக்கமும் வரக்கூடிய பொது இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

படம் முடிந்ததும் "கருத்துச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினால் ஒற்றுமையைப் பற்றிப் பேச்சுப் போட்டிதான் நடக்கும். கதிரைகளை வட்டமாகப் போட்டு, "அந்தக் கிழமை நீங்கள் மீன் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் ஒருவரும் பேச மாட்டார்கள். காத்திருங்கள், நீங்களே ஏதும் சொல்லி அந்த மௌனத்தை நிரப்பிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கேட்டுப் பதிந்த ஒலிகளைச் சொன்னவரிடமே கொடுத்துவிட்டு உங்கள் போனில் அழியுங்கள். படத்தைப் பென் டிரைவில் போட்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் கொண்டுபோங்கள். மீன்காரர் வீட்டுக்குப் போகும்போது காலையில் போக வேண்டாம், அவர் சுற்றில் இருப்பார். பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு போனால் ஆள் இருப்பார்.